ஓடைத் தண்ணீரில் கரண்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜவ்வாது மலையில் எங்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடை 20 மீட்டர் இறங்குகிறது. மோனோபிளாக் பம்பைத் திருப்பி ஓட்டினால் கரண்ட் வரும் என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், பீஞ்சமந்தை

பதில்: வரும். மேலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் பம்பைத் திருப்பிச் சுற்றும், அதோடு சேர்ந்திருக்கும் மோட்டார் கரண்ட் தரும். ஆனால் பம்பைத் தேடும் முன் தண்ணீரை அளந்துவிடுங்கள், அதுவும் சித்திரையில். ஐப்பசி மழையில் போட்ட கணக்கு கோடையில் நிற்காது. மண்மூட்டை அடுக்கி ஓடையைத் தடுத்து, மொத்தத் தண்ணீரையும் ஒரு குழாய் வழியே 200 லிட்டர் டிரம்மில் விடுங்கள். 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 10 லிட்டர். உயரம் பார்க்கக் கொத்தனாரின் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும். லிட்டரை மீட்டரால் பெருக்கி, மறுபடி 5-ஆல் பெருக்குங்கள்: 10 × 20 × 5 = 1,000 வாட். சேதாரம் இல்லாவிட்டால் 9.81-ஆல் பெருக்கலாம், மீதியைக் குழாயும் பம்பும் மோட்டாரும் தின்றுவிடும்.

பலர் கோட்டை விடுவது குழாயில்தான். 100 மீட்டர் தூரத்துக்கு 4 அங்குல பி.வி.சி. போட்டால் உரசலில் அந்த 20 மீட்டரில் ஒன்றரை மீட்டர் உயரம் வீணாகப் போகும். காசை மிச்சம் பிடிக்க 3 அங்குலம் போட்டால் ஏறக்குறைய 6 மீட்டர் போய்விடும்!

மோட்டார் த்ரீ பேஸாக இருக்கட்டும். வெறுமனே சுற்றினால் கரண்ட் பிறக்காது, கெபாசிட்டர் வேண்டும். வீட்டுக்கு சிங்கிள் பேஸ் எடுக்க, ஒரு பேஸில் ஒரு பங்கு கெபாசிட்டரும் இன்னொன்றில் இரண்டு பங்கும் கொடுப்பார்கள். இரண்டும் இடம் மாறினால் மோட்டார் கொதிக்கும். லைட்டை அணைத்ததும் பாரம் குறைந்து பம்ப் வேகமெடுக்கும், வோல்டேஜ் எகிறும். மிச்சக் கரண்டை ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிடும் கன்ட்ரோலர் இல்லாமல் ஒரு பல்புகூடப் போடாதீர்கள்.

குழாயின் வாய், மேலே ஓடைத் தண்ணீரைப் பிடிக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கு ஓரடியாவது கீழே இருக்க வேண்டும். மேலே சுழி விழுந்தால் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். லைட் மங்கினால் முதலில் குழாய் வாயில் சருகைத் தடுக்கும் வலையைப் பாருங்கள். வால்வைச் சட்டென்று மூடினால் குழாய் வெடிக்கும், மெல்லத் திருகுங்கள். இந்தக் கரண்டை ஈ.பி. லைனோடு சேர்க்கவே கூடாது. கம்பத்தில் ஏறுகிறவர் உயிர் போகும். குழாய் வனத்துறை நிலத்தைத் தொட்டால் முதலில் அனுமதி வாங்குங்கள்.

கேள்வி: பாலாற்றுத் தடுப்பணைகளில் ஏன் மின்சாரம் எடுப்பதில்லை?
- வாசகர், காட்பாடி

பதில்: உயரம் இல்லை. ஒன்றரை மீட்டர் தடுப்பணையில் அதே 1,000 வாட்டுக்கு விநாடிக்கு 130 லிட்டருக்கு மேல் வேண்டும். பாலாறோ வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. பழைய வட ஆற்காட்டிலேயே சாத்தனூர் அணையில் 7.5 மெகாவாட் நிலையம் இருக்கிறது. அங்கே உயரமும் உண்டு, தேக்கிய தண்ணீரும் உண்டு.