வெள்ளைக் காருக்கு இருட்டு வேண்டும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். காசிமேடு கடலோரச் சாலையில் ஒரு வெள்ளைக் கார் நிற்பது போல பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் (கணினி உருவாக்கும் படம்) எடுக்கிறேன். மாடல் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் படத்தில் சோப்புக் கட்டி மாதிரி தெரிகிறது. கதவு எங்கே முடிகிறது, பானெட் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று மென்பொருளிலேயே ஐந்து ஏரியா லைட் (அகலப் பரப்பு விளக்கு) வைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. அதே காருக்குக் கறுப்பு கொடுத்தால் அசலாக இருக்கிறது. எங்கே தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கறுப்பு கொடுத்தால் அசலாக இருக்கிறது என்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. கார் பெயின்டுக்கு மேலே கிளியர் கோட் என்ற பளபளப்புப் பூச்சு உண்டு. நேருக்கு நேர் பார்த்தால் அது சுமார் 4 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். கறுப்புக் காரில் அடியிலிருக்கும் நிறம் ஏறக்குறைய எதையும் தருவதில்லை. அதனால் அந்த 4 சதவீதப் பிரதிபலிப்பே காரின் வளைவுகளை வரைந்துவிடுகிறது. வெள்ளையிலோ அடிநிறம் 70, 80 சதவீத ஒளியை எல்லாத் திசையிலும் இறைக்கிறது. பிரதிபலிப்பு அதில் மூழ்கிவிடும். ஐந்து விளக்கு வைத்து நீங்கள் வெள்ளத்தைத்தான் கூட்டியிருக்கிறீர்கள்.

நான்கு விளக்கை அணையுங்கள். பிறகு இருட்டை உள்ளே கொண்டுவாருங்கள். ஸ்டூடியோவில் வெள்ளைக் காரைப் படமெடுப்பவர்கள் படச்சட்டத்துக்கு வெளியே கறுப்புத் துணி கட்டுவார்கள். நீங்களும் கேமராவுக்குத் தெரியாத இடத்தில், காரின் பக்கவாட்டில், இடுப்புயரத்துக்கு ஒரு நீளமான கறுப்புப் பலகையை நிறுத்திப் பாருங்கள். கதவின் கீழ்ப்பாதி மெல்ல மங்கி, மேல்பாதி எழுந்து நிற்கும்.

இதைப் பார்க்க உங்களுக்கு ஸ்டூடியோகூட வேண்டாம். காலை ஏழு மணிக்கு நீங்கள் சொன்ன அதே சாலைக்குப் போங்கள். கடலரிப்பைத் தடுக்க வரிசையாகக் கொட்டியிருக்கும் கருங்கற்கள்தான் அங்கே உங்கள் கறுப்புப் பலகை. அவற்றையொட்டி நிற்கும் ஒரு வெள்ளைக் காரை முன்பக்க மூலையிலிருந்து சாய்வாகப் பாருங்கள். நேர்ப்பார்வையிலிருந்து 60 பாகை சாய்ந்து பார்த்தால் பூச்சு 9 சதவீதம் பிரதிபலிக்கும், 80 பாகையில் கிட்டத்தட்ட 40. கற்களின் கருமை கதவோரமாக ஒரு பட்டையாக ஓடும். அதற்கு மேலே வானம். உங்கள் ரெண்டரில் அந்தக் கற்கள் இருக்கின்றனவா? பின்னணிப் படத்தில் மட்டும் வைத்திருந்தால் போதாது, காருக்கு எதிரே அவை நிற்க வேண்டும்.

சூரியனுக்கு மறுபக்கம் போய் நிழல் விழும் கதவையும் பாருங்கள். அது நீலம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவன். அம்மா வேட்டியைக் கடைசியாக அலசும்போது சொட்டு நீலம் விடுவார். மொட்டைமாடியில் அது காயும்போது மடிப்புகளுக்குள் இன்னொரு நீலம் தெரியும். அது வானத்துடையது. வெயில் படும் இடம் லேசாக மஞ்சளாகவும் நிழல் நீலமாகவும் இருந்தால்தான் நம் கண் அதை வெள்ளை என்று ஏற்கிறது. எல்லா விளக்குக்கும் ஒரே வெள்ளையைக் கொடுத்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

பேஸ் கலரை, அதாவது அடிநிறத்தை (0 கறுப்பு, 1 முழு வெள்ளை), 1 என்று வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம். பிளெண்டர் தானாகத் தரும் 0.8 கூட அதிகம்தான், 0.7க்கு இறக்குங்கள். பளீரென்ற வெள்ளையைச் சூரியன் மின்னும் ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு மட்டும் விட்டுவைத்து, மற்ற இடமெல்லாம் அதற்குக் கீழே இருக்கும்படி எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்ச அளவை) குறையுங்கள். டயருக்கு அடியிலும் சக்கர வளைவுக்குள்ளும் நல்ல கருமை விழட்டும். கதவிடுக்கின் கோடுகள் தெளிவாகத் தெரியட்டும்.

நண்பகலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சென்னை 13 பாகை அட்சத்தில் இருப்பதால் சித்திரை உச்சியில் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும். கூரை வெந்து வெளுத்துவிடும், கதவுகளுக்கு நேர்வெயிலே கிடைக்காது.

பலகை வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று என்று இரண்டு ரெண்டர் அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்