பரு போன பிறகு மிஞ்சும் குழியும் கறுப்பும்: எந்தக் கிறீம் பூசினால் போகும்?

"எனக்கு 21 வயது. பரு ஓரளவு குறைந்துவிட்டது. கன்னத்தில் கறுப்புத் தழும்புகளும் குழிகளும் இருக்கின்றன. எந்தக் கிறீம் பூசினால் இரண்டும் போகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. கறுப்பு பெரும்பாலும் போய்விடும். குழியை எந்தக் கிறீமாலும் நிரப்ப முடியாது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து எட்டு வருடம் போக்கியவள் நான். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போது பரு தொடங்கியது. "வயசுக்கு வாற பரு, தானாப் போயிடும் பிள்ள" என்றார் அம்மா. எனக்கு வந்தவை தானாகப் போகிற வகை இல்லை. தாடைக்கு மேலே உள்ளுக்குள் கட்டியாக நிற்கும், தலையணையில் கன்னத்தை வைக்க முடியாது. நகத்தால் நசுக்குவேன். யாரோ சொன்னார்கள் என்று தேசிக்காய் பிழிந்து பூசிக்கொண்டு வெயிலில் சைக்கிள் ஓடி டியூசனுக்குப் போனேன். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தோல் வெந்துபோகும். எனக்கும் அப்படியே வெந்து, பட்டைபட்டையாகக் கறுத்து, மாதக்கணக்கில் நின்றது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

25 வயதில்தான் தோல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் அறை லைட்டை நிறுத்திவிட்டு, கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தந்து, சின்ன டோர்ச் ஒன்றைக் காதுப் பக்கமிருந்து கன்னத்தில் அடித்தார். ஒவ்வொரு குழியும் தன் நிழலோடு எழும்பி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அவசரப்படவில்லை. இரண்டு விரலால் கன்னத்தை மெல்ல இழுத்துப் பிடித்து, "இப்ப பாருங்கோ" என்றார். அலை அலையாகத் தெரிந்த அகலமான பள்ளங்கள் மறைந்துவிட்டன. விளிம்பு வெட்டினது போன்ற வட்டக் குழிகள் கொஞ்சம் குறைந்தன. ஊசியால் குத்தினது போன்ற ஒடுக்கமான ஓட்டைகள் அப்படியே நின்றன. "இது மூண்டும் மூண்டு சாமான். மூண்டுக்கும் வேற வேற வேலை" என்றார்.

குழி எப்படி விழுகிறது என்பது அன்றுதான் விளங்கியது. பரு ஆழமாக அழன்று வீங்கும்போது தோலுக்கு அடியிலிருக்கும் கொலாஜன் நார் சிதைந்துபோகிறது. ஆறும்போது உடம்பு அதைப் பழையபடி கட்டி முடிக்காமல் விட்டால் அந்த இடம் தாழ்ந்துவிடும். அலை போன்ற பள்ளத்தில் இன்னொன்றும் உண்டு. ஆறின நார் தோலைக் கீழிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். மேலே பூசுகிற எதுவும் அந்தப் பிடியை அவிழ்க்காது.

கறுப்பு வேறு கதை. அது தோல் அழன்ற இடத்தில் நிறம் கூடிப்போனது, அவ்வளவுதான். எங்களைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் அது கூடுதலாக வரும். மாதக்கணக்கில் எடுக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும், ஆனால் மங்கும். அதை மங்கவிடாமல் வைத்திருப்பது எங்கள் ஊர் வெயில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்கே முகம் எரியும். அதனால் முதல் மருந்து எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சண்ஸ்கிறீன். இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். வெளியில் நிற்கும் நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். தோல் நிறத்தில் சாயம் கலந்த சண்ஸ்கிறீன் கிடைத்தால் அது இன்னும் நல்லது. அதிலிருக்கும் இரும்பு ஒக்சைட்டு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும், அந்த வெளிச்சமும் கறுக்க வைக்கும். இரவில் அடாபலீன் என்ற பருவுக்குப் பூசும் மருந்து, பட்டாணி அளவு, முகம் முழுக்க. தொடக்கத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசினால் போதும். கறுப்பையும் குறைக்கும், புதுப் பருவையும் தடுக்கும். கர்ப்பமாக இருக்கும்போதும் அதற்கு ஆயத்தமாகும்போதும் பூசக்கூடாது. அப்போது அசலாயிக் அமிலம் பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.

இனி நான் விட்ட பெரிய பிழை. ஒரு பான்சி கடையில் வெள்ளைக் கிறீம் ஒன்று வாங்கினேன். டப்பாவில் தங்க நிறத்தில் படம் இருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. மூன்று கிழமையில் முகம் பளிச்சென்று ஆனது. மச்சாளின் கல்யாணத்தில் எல்லோரும் என்ன பூசுகிறாய் என்று கேட்டார்கள், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூசுவதை நிறுத்தி நாலாம் நாள் கன்னம் முழுக்கச் சிவந்து, சின்னச் சின்னப் பருக்களாக வெடித்தது. ஸ்டீரொய்ட் கலந்த கிறீம் என்று டொக்டர் பார்த்தவுடன் சொன்னார். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொய்ட்கள் டொக்டர் சொன்ன இடத்தில் சொன்ன நாளுக்குப் பூசினால் மருந்து. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், பருவும் வரும். இப்படியான கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும் இருக்கும், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். உங்கள் மேசையில் அப்படி ஒன்று இருந்தால் ஒளிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். எப்படி விடுவது என்று அவர் சொல்வார்.

சரி, குழிக்கு என்ன செய்தார்கள்? முதலில் ஒன்றுமே செய்யவில்லை. புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போது பழைய குழியைத் திருத்துவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற வேலை. பருவை நிறுத்த ஐசோட்ரெட்டினோயின் குளிசை தந்தார்கள், இரத்தம் சோதித்துக்கொண்டே ஏழு மாதம் எடுத்தேன். உதடு வெடித்தது, மற்றபடி தாங்கினேன். இந்தக் குளிசை எடுக்கும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் கர்ப்பம் தரிக்கவே கூடாது, குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு வரும். யாரோ எடுத்தார்கள் என்று டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

பரு நின்ற பிறகு கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் மிச்ச வேலை நடந்தது. அலைப் பள்ளங்களுக்கு சப்சிஷன்: மரக்கச் செய்துவிட்டு, தோலுக்கு அடியில் ஒரு ஊசியை நுழைத்து இழுத்துப் பிடிக்கும் நாரை அறுப்பார்கள். நோகவில்லை, ஆனால் உள்ளே நறநறவென்று அறுபடும் சத்தம் எனக்கே கேட்டது. ஊசி ஓட்டைகளுக்கு, கடுமையான டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தை ஒரு குச்சி நுனியால் ஒவ்வொன்றின் உள்ளும் தொட்டு வைத்தார்கள். தொட்ட புள்ளி பனி பிடித்தது போல வெளுத்து, பிறகு பொருக்குக் கட்டி உதிர்ந்தது. அப்புறம் மாதம் ஒன்றாக நாலு முறை மைக்ரோநீட்லிங், அதாவது மிகச் சின்ன ஊசிகளால் தோலைக் குத்துவது. அமிலத்தையும் ஊசி உருளையையும் இணையத்தில் வாங்கி வீட்டில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அமிலம் கைதவறினால் புதுத் தழும்பு, சுத்தமில்லாத ஊசியால் கிருமி.

லேசரும் உண்டு. எங்கள் நிறத்துக்கு அதன் சூட்டால் கறுத்துப்போகும் ஆபத்து கூடுதல் என்பதால் நான் எடுக்கவில்லை. எடுப்பதென்றால் எங்கள் நிறத் தோலில் நிறையச் செய்து பழகியவரிடம் மட்டும் போங்கள்.

முடிந்தவரை எல்லாவற்றையும் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் அப்போதுதான் மழை, வெயில் குறைவு. இரவு ரயிலில் போய் வருவேன், இரண்டு மூன்று நாள் முகம் சிவந்திருக்கும், வேலை செய்கிற பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுக்கொள்வேன். புதுக் கொலாஜன் உண்டாக மூன்று மாதமாவது வேண்டும், ஆறு மாதம் வரை மாற்றம் தெரியும். என் கணக்கில் பாதிக்கு மேல் சரிவந்திருக்கிறது. வலப்பக்கத்தில் நாலைந்து ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. முழுதாகப் போகும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். நெஞ்சிலோ தோளிலோ தாடையிலோ தழும்பு மேலே தடித்து வளர்ந்தால் அது கீலாய்டாக இருக்கலாம். என் தம்பிக்கு நெஞ்சில் அப்படித்தான். அதைக் குத்தவோ வெட்டவோ போனால் இன்னும் பெருக்கும். அதற்கு ஸ்டீரொய்ட் ஊசியும் சிலிக்கோன் ஜெல்லும் கொடுப்பார்கள். காது குத்தின இடம் தடித்த ஆட்கள் குடும்பத்தில் இருந்தால், முகத்தில் எதுவும் செய்யமுன் அதைச் சொல்லிவிடுங்கள்.

அரச ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் காசு கட்டத் தேவையில்லை, அங்கிருந்தே தொடங்குங்கள். போகமுன் ஜன்னல் பக்கம் நின்று, வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிற மாதிரி இரண்டு கன்னத்தையும் படம் எடுத்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும். இப்போது பூசுகிற எல்லாவற்றையும் பெட்டியோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், பெயர் இல்லாத டப்பாவையும் சேர்த்து.