விண்டோஸ் டெர்மினல் 1.22-க்கு மாறலாமா? புதிய வசதிகளில் உருப்படியானது எது?

மாறுங்கள். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் காரணத்துக்காக அல்ல.

டெர்மினல், அதாவது கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் ஜன்னல், 1.22-இல் படமும் காட்டுகிறதாமே என்று, கேள்வியின் விளக்கத்தில் அந்த ஒரு வசதியை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் புரோகிராமிங் வேலைக்குப் புதிதாக வந்தவர், யாரோ டெர்மினலுக்குள்ளேயே பூனைப் படம் திறந்து காட்டியதைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

அந்த வசதிக்குப் பெயர் சிக்ஸல். இது ஒன்றும் நேற்றுப் பிறந்ததல்ல. டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்) என்ற கணினி நிறுவனம் 1980-களில் தன் புள்ளி அச்சுப்பொறிகளுக்கும் விடி340 போன்ற முனையங்களுக்கும் கொண்டுவந்த முறை. ஆறு புள்ளி உயரப் பட்டைகளாகப் படத்தை அனுப்புவார்கள். 2024 ஆகஸ்டில் 1.22 முன்னோட்டப் பதிப்பில் விண்டோஸ் டெர்மினலுக்கும் வந்து சேர்ந்தது. பைத்தான் நிரல் மொழியில் வரைபடம் போடுகிறவர்களுக்கு நல்ல விஷயம். இரண்டு நாள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவீர்கள், அப்புறம் மறந்துவிடுவீர்கள்.

அடிக்கடி அடிக்கும் கட்டளைகளைச் சேமித்துப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளும் பலகை வந்திருக்கிறது. இல்லாத கட்டளையை அடித்தால் வின்கெட் என்ற, மைக்ரோசாஃப்டின் நிரல் நிறுவும் கருவி மூலம் எதை நிறுவலாம் என்று சொல்கிறது. இரண்டும் பரவாயில்லை. முந்தைய 1.21-இல் வந்த, மூடித் திறந்தாலும் பழைய திரை உள்ளடக்கம் அப்படியே திரும்பி வரும் வசதி இவை இரண்டையும் விட உபயோகமானது என்பது என் கட்சி.

உருப்படியான மாற்றம் வேறு. எழுத்தை அளக்கும் முறையை, அதாவது ஓர் எழுத்துக்குத் திரையில் எவ்வளவு இடம் என்று கணக்கிடுவதை, மாற்றியிருக்கிறார்கள். அறிவிப்பைப் படித்த பாதிப் பேர் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள், ஏனென்றால் ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு அதில் ஒன்றும் தெரியாது.

நான் பழைய தமிழ்ப் புத்தகங்களை மின்னூலாக்கித் தருகிறவன். வேலையில் பெரும்பகுதி டெர்மினலில்தான்: உபுண்டு லினக்ஸை விண்டோஸுக்குள் ஓடவிட்டு, க்ரெப் என்ற தேடல் கட்டளையில் தேடி, கிட் என்ற, திருத்த வரலாறு வைக்கும் கருவியில் திருத்தங்களை ஒப்பிட்டுப் பார்ப்பேன். "தமிழை எதுக்குங்க டெர்மினல்ல பாக்கணும், வேர்டு இருக்கே" என்று கேட்காத ஆள் இல்லை. முந்நூறு பக்கம் முழுக்க ஒரு சொல்லை ஒரே மாதிரி ஆக்கிவிட்டு, எந்த வரி எப்படி மாறியது என்று வேர்டில் பார்த்தவர்கள் வந்து சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

டெர்மினல் என்பது கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஒவ்வொரு குறியீட்டுக்கும் எத்தனை கட்டம் என்று ஒரு அட்டவணை வைத்திருக்கும். யுனிக்ஸ் உலகத்தில் டபிள்யூசிவிட்த் என்ற கணக்கு. இப்போது எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைப் பாருங்கள். 'கி' என்பது க, அதன் பின் கொக்கி என்று இரண்டு குறியீடு. 'கீ'யும் அப்படியே இரண்டு. ஆனால் இகரக் கொக்கி 'இடம் பிடிக்கும் குறி' என்ற வகையிலும், ஈகாரக் கொக்கி, மெய்ப்புள்ளி இரண்டும் 'இடம் பிடிக்காத குறி' என்ற வகையிலும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே பழைய கணக்கில் 'கி'க்கு இரண்டு கட்டம், 'கீ'க்கு ஒரே கட்டம். கேட்டால் சிரிப்பு வரும். கூட உட்கார்ந்து வேலை செய்தால் சிரிப்பு வராது.

ஒரு நாட்டு மருத்துவ நூலுக்குச் சரக்குப் பெயர்ப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தேன். சீரகம், திப்பிலி, இரண்டுமே நான்கெழுத்து. கட்டக் கணக்கில் சீரகத்துக்கு நான்கு, திப்பிலிக்கு ஏழு. பைத்தானோ குறியீடுகளை எண்ணும், அதற்கு ஆறும் எட்டும். மூன்று பேர் மூன்று கணக்கு. பட்டியலின் நடுக்கோடு பாம்பாக நெளியும், அது கூடப் பரவாயில்லை. வரி ஓரத்தில் இடம் தீர்ந்தால் 'ல' ஒரு வரியிலும் அதன் கொக்கி மட்டும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அடுத்த வரியிலும் நிற்கும். அதைவிட மோசம், மவுஸால் இழுத்து நகலெடுக்கும்போது கடைசிக் கட்டம் விட்டுப்போகும். 'திப்பிலி' ஒட்டும்போது 'திப்பில' ஆகிவிடும். பிழை திருத்த உட்கார்ந்தவன் கையாலேயே புதுப்பிழை ஏறுவது எவ்வளவு எரிச்சல் என்று மெய்ப்பு பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்போது நான் வைத்திருந்தது வேறொரு டெர்மினல், பெயர் வேண்டாம். பிரச்சினை அதனுடையது மட்டுமல்ல, அந்தக் கணக்கை நம்பிய எல்லோருடையதும்.

1.22 இயல்பாகவே குறியீடுகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. 'லி'யை ஒரே கொத்தாக எடுத்துக்கொள்கிறது. வரி உடைந்தால் எழுத்து முழுசாக அடுத்த வரிக்குப் போகிறது, தேர்ந்தெடுத்தால் முழுசாக வருகிறது. இதை ஒழுங்காகச் செய்வதற்கு உள்ளே விண்டோஸின் பழைய கட்டளைத் திரையான கன்சோலுக்கும் டெர்மினலுக்கும் நடுவிலிருந்த பகுதியையே மாற்றி எழுதினார்கள். சிக்ஸல் படம் ஓடுவதும் அந்த வேலையின் தயவில்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பைத்தான் தன் கணக்கைத்தான் போடும், விம் என்ற உரைத் திருத்தி தன் கணக்கைத்தான் போடும், கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷும் அப்படியே. டெர்மினல் மட்டும் திருந்தினால் போதாது. கர்சர் சில இடங்களில் இன்னும் தள்ளி நிற்கும். நடுக்கோடு இன்னும் நெளியும். தமிழுக்கு நிர்மலா யூஐ எழுத்துருவைத்தான் விண்டோஸ் இழுத்துக்கொள்கிறது, அது ஒரே அகல எழுத்துரு அல்ல, ஆகவே 'ணை' போன்றவை நெருக்கியடித்துத்தான் உட்காரும்.

இப்போது இரண்டு பக்கமிருந்தும் கல் வரும், தெரியும். 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்16 என்ற குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்ததே, அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு, இந்தத் தொல்லையே இல்லையே என்று ஒரு நண்பர் கட்டாயம் எழுதுவார். உண்மைதான் ஐயா. ஆனால் எனக்கு வரும் கோப்பும் நான் அனுப்ப வேண்டிய கோப்பும் யூனிகோட். இன்னொருவர் லினக்ஸுக்கு வா, அங்கே கிட்டி, கோஸ்டி என்று நல்ல டெர்மினல்கள் இருக்கின்றன என்பார். கிட்டி மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. மின்னூல் செய்கிற எல்லோரும் வாழ்வது காலிபர் என்ற மின்னூல் நிரலில், அதை எழுதிய கோவிட் கோயல்தான் கிட்டியையும் எழுதினார். ஆனால் கிட்டி, கோஸ்டி இரண்டும் விண்டோஸில் ஓடாது. எனக்கு விண்டோஸ் வேண்டும், ஏனென்றால் பாதிக் கோப்புகள் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு நிரலின் காலத்திலிருந்து வருகின்றன.

     

புதுப் பதிப்பு என்றாலே பாய்ந்து போடுகிற ஆள் நான் இல்லை. மேக்கில் ஓடும் ஐடெர்ம்2 என்ற டெர்மினலின் கதை தெரியும்தானே. 2024-இல் 3.5 பதிப்பில் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்தார்கள், பயனர்கள் கொதித்தார்கள், அடுத்த திருத்தத்திலேயே அதைத் தனிச் செருகலாக வெளியே எடுத்து வைத்தார்கள். பிறகு 3.5.6 முதல் 3.5.10 வரை ஒரு பிழை: இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு வசதியைப் பயன்படுத்தினால், சில சமயம் நீங்கள் அடித்ததும் திரையில் வந்ததும் தொலைவிலுள்ள கணினியில் ஒரு கோப்பில் பதிவாகிக் கிடந்தன. 2025 ஜனவரியில் 3.5.11-இல்தான் மூடினார்கள். ஆகவே அலுவலகக் கணினி என்றால் முன்னோட்டப் பதிப்பைத் தொடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வரும் நிலையான பதிப்பே போதும், விண்டோஸ் 10-இலும் ஓடும்.

போட்ட பிறகு செட்டிங்ஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்துக்குப் போய் எழுத்து அளக்கும் முறை என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். கொத்தாக எடுப்பது, யுனிக்ஸ் கணக்கு, பழைய விண்டோஸ் கன்சோல் கணக்கு என்று மூன்று இருக்கும். முதலாவதிலேயே விடுங்கள். ஏதாவது பழைய நிரல் திரையைக் குழப்பினால் மட்டும் மற்றதுக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றினால் திறந்திருக்கும் எல்லா டெர்மினல் ஜன்னல்களையும் மூடித் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாறவே இல்லை என்று இங்கே வந்து இன்னொரு கேள்வி போடுவீர்கள்.