கனடா பிஆர் (நிரந்தர வதிவுரிமை) மெடிக்கலுக்குச் சென்னையில் எப்படித் தயாராவது? சுகரும் பழைய டிபியும் இருந்தால் அன்ஃபிட் ஆகிவிடுமா?

உங்களுக்குச் சுகர், உங்கள் கணவருக்குக் கல்லூரி நாளில் டிபி வந்து குணமாகிவிட்டது என்கிறீர்கள். இந்த இரண்டுக்காக மட்டும் யாரையும் தள்ளிவிட மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான், என் கணவருக்கும் நுரையீரலில் பழைய டிபித் தழும்பு உண்டு.

இந்தப் பயம் கல்ஃப் மெடிக்கலில் இருந்து வந்தது. எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்ததாலேயே அன்ஃபிட் ஆகி, வேலையை இழந்து நின்றவர் யாராவது ஒருவர் நம் சொந்தத்தில் இருப்பார். கனடாவுக்கு அப்படி இல்லை. இங்கே டாக்டர் பாஸ், ஃபெயில் போடுவதில்லை. பார்த்ததை எழுதி ஆன்லைனில் நேராக அனுப்பிவிடுவார், முடிவு எடுப்பது கனடா குடிவரவுத் துறை. அதனால் "மெடிக்கலை நான் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் ஏஜென்டுக்குப் பத்து பைசா கொடுக்காதீர்கள்.

குடும்ப டாக்டரிடம் எடுத்தால் செல்லாது. கனடா அரசு தளத்தில் பேனல் பிசிஷியன், அதாவது அவர்கள் அங்கீகரித்த டாக்டர்களின் பட்டியல் இருக்கிறது, அதில் உள்ள சென்னை டாக்டரிடம்தான் போக வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி (வேலைத் திறமையைப் பார்த்து பிஆர் தரும் வழி) என்றால் சீக்கிரம் போங்கள். 2025 ஆகஸ்ட் 21 முதல், பிஆர் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே மெடிக்கலை முடித்திருக்க வேண்டும். பிஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தபின் கையில் இருப்பது 60 நாள்தான்.

இப்போது டிபி. உங்கள் கணவர் செய்ய வேண்டிய ஒரே தயாரிப்பு, பழைய காகிதங்களைத் தேடி எடுப்பது. தாம்பரம் சானடோரியத்தில் பார்த்திருந்தாலும் சரி, தனியாரிடம் பார்த்திருந்தாலும் சரி, எந்த மாத்திரை, எத்தனை மாதம், எப்போது முடிந்தது என்று எழுதிய சிகிச்சைக் கார்டோ டிஸ்சார்ஜ் சம்மரியோ வேண்டும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் பரண்மேல் கிடந்தால் அது தங்கம். அன்றைய தழும்பும் இன்றைய தழும்பும் ஒன்றுதான் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்படியும் சந்தேகம் வந்தால் மூன்று நாள் சளி மாதிரி கேட்பார்கள். அதில் டிபி கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். தாமதம்தான், நிராகரிப்பு அல்ல. நோய் இப்போது இல்லை என்று உறுதியானபின், மெடிக்கல் சர்வேலன்ஸ் (மருத்துவக் கண்காணிப்பு) என்று ஒரு நிபந்தனை போடலாம். போட்டால், கனடா போய் இறங்கி 30 நாளுக்குள் அந்த ஊர் பொதுச் சுகாதாரத் துறையைத் தொடர்புகொள்ள வேண்டும். டிபி வந்ததே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் பொய் சொன்னதுதான் பெரிய பிரச்சினையாகும்.

சுகருக்கு இவ்வளவு கவலையே வேண்டாம். அங்கே பார்ப்பது, உங்கள் சிகிச்சை கனடாவின் மருத்துவச் செலவுக்குப் பெரும் பாரமாகுமா என்பதை. அந்தச் செலவு வரம்பை 2018-ல் மூன்று மடங்காக்கிவிட்டார்கள், சாதாரண சுகர் மாத்திரை அதன் பக்கத்தில்கூடப் போகாது. சமீபத்திய ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) ரிப்போர்ட்டும் மாத்திரைச் சீட்டும் எடுத்துப் போங்கள். மெடிக்கலுக்காக வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வெயிலில் அலைந்து அங்கே மயங்கி விழுவதுதான் ஆபத்து.

பெண்களுக்குச் சில விஷயங்கள். மாதவிடாய் நாளில் தேதி வாங்காதீர்கள், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் இன்னொரு தடவை வரச் சொல்வார்கள். எக்ஸ்ரேக்குக் கழுத்தில் உலோகம் இருக்கக் கூடாது. தாலிச் செயினைக் கழற்ற மனசு வராதவர்கள் முதல் நாளே மஞ்சள் கட்டிய கயிற்றுக்கு மாறிக்கொள்வதுண்டு, அதுவே நல்லது. பின்னலையும் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள், தோளில் விழுந்தால் படத்தில் நிழலாகத் தெரியும். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளி வைக்கலாம்.

குழந்தைகளையும் கூட்டிப் போக வேண்டும். எக்ஸ்ரே 11 வயதிலிருந்து, ரத்தப் பரிசோதனை 15-லிருந்து.

ஒரிஜினல் பாஸ்போர்ட், கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடி, இரண்டையும் மறக்காதீர்கள். முடிந்ததும் புகைப்படத்தோடு இமெடிக்கல் (டாக்டர் முடிவுகளை அனுப்பும் ஆன்லைன் முறை) தாள் ஒன்று தருவார்கள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். விண்ணப்பத்தோடு ஏற்ற வேண்டியது அந்தத் தாளைத்தான், மெடிக்கல் 12 மாதம் செல்லும்.