நடை மட்டும் எலும்புக்குப் போதுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகிறது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 1.8. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். மகள் ஜிம்மில் சேர்ந்து எடை தூக்கச் சொல்கிறாள். எலும்பு பலவீனமாக இருக்கும்போது தூக்கலாமா?

பதில்: தாராளமாகத் தூக்கலாம். டி-ஸ்கோர் என்பது ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு உங்களுடையதை ஒப்பிடும் எண். அது மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் இருப்பது எலும்பு அடர்த்திக் குறைவுதான், எலும்பு எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் அல்ல. நடையை விட வேண்டாம், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லது. ஆனால் உங்கள் எலும்புக்கு அது பழகிப்போன சுமை. பழகாத கனம் ஏறி, தசை பலமாக இழுத்தால்தான் எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்காணிப்பில் நல்ல கனமாகவே தூக்கினார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தது. ஒரு கிலோ டம்பெல்லை ஐம்பது தடவை ஆட்டுவதில் பெரிய பலன் இல்லை. உங்கள் காய்கறிப் பையே அதைவிடக் கனம்.

முதல் சில வாரம் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். அப்புறம் ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். தரையிலிருந்து தூக்குவதைப் பயிற்சியாளரிடம் கற்பது நல்லது. தண்ணீர் கேனைத் தூக்கும்போது பலரும் முதுகை வளைத்துவிடுகிறார்கள். இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, எடையை உடம்பை ஒட்டியே மேலே கொண்டுவர வேண்டும். மூச்சை அடக்காதீர்கள். எட்டுப் பத்து தடவையில் கடைசி இரண்டு கஷ்டமாக இருந்தால் எடை சரி. பதினைந்து சுலபமாக வந்தால் கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள், நடுவில் இடைவெளி விட்டு.

குனிந்து கால் விரலைத் தொடுவது, மல்லாந்து படுத்து எழும் சிட்-அப் இரண்டும் வேண்டாம். முன்பக்கம் வளையும்போது முதுகெலும்பின் மேல் அழுத்தம் கூடும். உயரம் குறைந்திருந்தாலோ, திடீர் முதுகுவலி வந்திருந்தாலோ, நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்திருந்தாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். பருப்பு, முட்டை, பால், கேழ்வரகு சாப்பாட்டில் இருக்கட்டும்.

மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்தால் காசுதான் வீண். எலும்பு மெதுவாகத்தான் மாறும். ஒன்றிரண்டு வருடம் கழித்து எடுங்கள், முடிந்தால் அதே மெஷினில்.