கேள்வி பதில்: பட்டை போட்ட நாயும் வேட்டி கட்டிய குதிரையும்

ஒலிம்பிக் போட்டிகளுக்கு ஐந்து வளையங்கள் இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பொம்மைச் சின்னம் எதற்கு?
– வாசகர், தஞ்சாவூர்

ஐந்து வளையங்கள், நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியர் தெ குபேர்த்தன் 1913இல் உருவாக்கியவை. எந்த நாட்டில் போட்டி நடந்தாலும் அவை மாறுவதில்லை. மஸ்காட் எனப்படும் பொம்மைச் சின்னமோ போட்டியை நடத்தும் ஊருக்கு உரியது. தன்னை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்த ஊர் விரும்புகிறதோ அது அதில் தெரியும். 1966இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு, பிரிட்டனின் கொடியையே சட்டையாக அணிந்த ‘வில்லி’ என்ற சிங்கத்தை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வழக்கம் உலகப் போட்டிகளில் வேரூன்றியது. சாவிக்கொத்து முதல் சட்டை வரை விற்பதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது என்பதும் உண்மைதான்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கின் நாய்ச் சின்னத்தில் அரசியல் இருந்தது என்று படித்தேன். ஒரு நாய்ப் பொம்மையில் என்ன அரசியல் இருக்க முடியும்?
– வாசகி, கோயம்புத்தூர்

கோடைக்கால ஒலிம்பிக்கின் முதல் அதிகாரபூர்வச் சின்னமான அந்த நாயின் பெயர் வால்டி. குட்டைக் கால்களும் நீண்ட உடலும் கொண்ட டாக்ஸ்ஹுண்ட் இனம். கழுகும் சிங்கமும் கொடிகளில் ஏறிப் பழகிய கண்டத்தில் இப்படியொரு வீட்டு நாயைத் தேர்ந்தெடுத்ததே ஓர் அறிவிப்புதான். அதற்கு முன் ஜெர்மனி கோடைக்கால ஒலிம்பிக்கை நடத்தியது 1936இல், ஹிட்லரின் ஆட்சியில், பெர்லின் நகரில். அந்த நினைவைத் துடைத்து, இது வேறு ஜெர்மனி என்று காட்ட வேண்டிய கட்டாயம் 36 ஆண்டுகளுக்குப் பிறகு மேற்கு ஜெர்மனிக்கு இருந்தது.

போட்டியின் வடிவமைப்புப் பொறுப்பை ஏற்றவர் ஓட்ல் ஐஷர். இளமையில் ஹிட்லரின் இளைஞர் படையில் சேர மறுத்தவர். நாஜிகளுக்கு எதிராகத் துண்டறிக்கை பரப்பியதற்காக 1943இல் கொல்லப்பட்ட ஹான்ஸ், சோஃபி ஷோல் உடன்பிறப்புகளின் அக்காவான இங்கேயை மணந்தவர். இனி வால்டியின் படத்தை எடுத்துச் சற்று உற்றுப் பாருங்கள். தலையும் வாலும் வெளிர்நீலம். உடலில் மஞ்சள், பச்சை, ஆரஞ்சுப் பட்டைகள். ஒலிம்பிக் வளையங்களில் உள்ள ஐந்து நிறங்களில் நீலமும் மஞ்சளும் பச்சையும் நாயின் உடலுக்கு வந்துவிட்டன. நாஜிக் கொடியை நினைவூட்டும் சிவப்பும் கறுப்பும் வரவில்லை. அந்தச் சின்னத்தில் எது இருக்கிறது என்பதைவிட எது விடுபட்டிருக்கிறது என்பதில்தான் அரசியல் இருந்தது. மாரத்தான் ஓட்டப் பாதையைக்கூட வரைபடத்தில் வால்டியின் உருவம் தெரியும்படி அமைத்தார்கள். ஆனால் அதே போட்டியின்போதுதான், செப்டம்பர் மாதத்தில், இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் பயங்கரவாதிகளின் தாக்குதலில் உயிரிழந்தனர். மியூனிக் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது அதுவே.

விலங்குகளைச் சின்னமாக வைப்பதால் அந்த விலங்குகளுக்கு ஏதாவது நன்மை உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

தானாக எதுவும் கிடைத்துவிடாது. 2014இல் பிரேசில் நடத்திய உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் சின்னம், அந்த நாட்டுக்கே உரிய மூன்று பட்டை ஆர்மடில்லோ. ஆபத்து வந்தால் உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும் அந்தச் சிறு விலங்கு, வாழிடம் அழிவதால் குறைந்துவருகிறது. அடிக்கப்படும் ஒவ்வொரு கோலுக்கும் 1,000 ஹெக்டேர் வீதம் அதன் வறண்ட காட்டுப் பகுதியைப் பாதுகாக்க ஒதுக்குங்கள் என்று ஆய்வாளர்கள் கோரினார்கள். அந்தப் போட்டியில் 171 கோல்கள் விழுந்தன. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கோரிக்கையோ கோரிக்கையாகவே நின்றது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் யானைச் சின்னமான ‘அப்பு’வுக்குப் பின்னால் குட்டிநாராயணன் என்ற உண்மையான யானைக்குட்டி இருந்தது. அப்புவின் பெயரில் டெல்லியில் பொழுதுபோக்குப் பூங்காவே அமைந்தது; குட்டிநாராயணனோ காலில் பட்ட காயத்தோடு வாழ்ந்து 2005இல் கேரளத்தில் இறந்தது.

மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் குதிரைக்கு வேட்டி கட்டிவிட்டது கேலியாகத் தோன்றவில்லையா?
– வாசகர், மதுரை

எனக்குத் தோன்றவில்லை. சதுரங்கக் காய்களில் விலங்கின் முகம் கொண்டது குதிரை மட்டுமே. மற்ற காய்களைத் தாண்டிக் குதிப்பதும் அது மட்டுமே. ஆகவே ‘தம்பி’ என்று பெயரிடப்பட்ட அந்தச் சின்னத்தின் தலை விளையாட்டிலிருந்து வந்தது; வேட்டியும் வெள்ளைச் சட்டையும் வணக்கம் சொல்லும் கைகளும் நடத்திய ஊரிலிருந்து வந்தன. ரஷ்யாவில் நடப்பதாக இருந்த 44ஆவது ஒலிம்பியாட், உக்ரைன் போருக்குப் பிறகு அங்கிருந்து விலக்கப்பட்டு, சில மாத அவகாசத்தில் 2022 ஜூலை இறுதியில் இங்கே தொடங்கியது. அந்த அவசரத்தில் பிறந்த சின்னம் இவ்வளவு தெளிவாக அமைந்தது பாராட்டுக்குரியது. முதல் பலகையில் தனிநபர் தங்கம் வென்ற குகேஷுக்கு அப்போது வயது 16 என்பதால், பெயரும் பொருந்திவிட்டது.

2024 பாரிஸ் போட்டியின் சிவப்புப் பொம்மை எந்த உயிரினம்?
– வாசகி, புதுச்சேரி

உயிரினமே அல்ல, தொப்பி. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் விடுதலையின் அடையாளமாக அணிந்த ஃப்ரிஜியத் தொப்பிக்குக் கண்ணும் காலும் வைத்து ‘ஃப்ரீஜ்’ ஆக்கினார்கள். குடியரசின் உருவகமான மரியான் தலையிலும் இதே தொப்பிதான். பாராலிம்பிக் போட்டிக்கான ஃப்ரீஜின் ஒரு காலில், ஓட்டக்காரர்கள் பொருத்திக்கொள்ளும் வளைந்த செயற்கைக் கால் இருந்தது. அதைப் பலர் புதுமை என்று வியந்தார்கள். ஆனால் 1992 பார்சிலோனா பாராலிம்பிக்கின் சின்னமான பெட்ராவை, கைகளே இல்லாத சிறுமியாக ஹாவியர் மாரிஸ்கல் வரைந்திருந்தார். என் பார்வையில் பெட்ராவே துணிச்சலான படைப்பு. ஒரு தொப்பிக்குக் கால் இல்லை என்றால் யாருக்கும் உறுத்தாது, ஆனால் ஒரு சிறுமியை, எந்தச் செயற்கைக் கையையும் பொருத்தாமல், அப்படியே சின்னமாக நிறுத்துவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.