ஜெபக்குறிப்பைச் சொல்லாதவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் குன்னூரைச் சேர்ந்தவள். தோஹாவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். வெள்ளிக்கிழமை மெசைமீர் ஆலய வளாகத்தில் ஆராதனைக்குப் போனாலும், வியாழன் இரவு எங்கள் குடியிருப்பில் சில தமிழ்க் குடும்பங்கள் கூடும் ஜெபக்கூட்டம்தான் என்னைத் தாங்குகிறது. தனியாக ஜெபிக்கும்போது அந்தத் தைரியம் கிடைப்பதில்லை. இது விசுவாசக் குறைவா? ஊர் ஏக்கத்தைத்தான் ஆவிக்குரிய ஊக்கம் என்று எண்ணிக்கொள்கிறேனா? ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். கோவைக்கு அழைத்துப்போக ஆளில்லை. இதை மட்டும் நான் கூட்டத்தில் சொன்னதில்லை. தாயைத் தவிக்கவிட்டு வந்தவள் என்று பேசுவார்கள்.

வாசகி (பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தங்கைக்கு,

அந்நிய மண்ணில் தாய்மொழியில் பாடும்போது ஏக்கமும் ஊக்கமும் சேர்ந்தேதான் வரும், வரட்டும். தனி ஜெபமா, கூட்டு ஜெபமா என்ற விவாதமும் இப்போது வேண்டாம். போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரிகளுக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். சில காலமாக நான் எண்ணிக்கொண்டிருப்பதும் அதைப் பற்றித்தான்.

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து, அவர்களுடைய மறுவாழ்வுக்காக 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். கோத்தகிரிப் பக்கம் அப்படியொரு தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நடந்த வீட்டு ஜெபத்துக்கு என் தாயார் சிறுவயதில் என்னை அழைத்துச் செல்வார். பாட்டு முடிந்ததும் ஜெபக்குறிப்பு, அதாவது யாருக்கு எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று, கேட்பார்கள். சமாதானம் வேண்டும், ஆசீர்வாதம் வேண்டும் என்று பொதுவாக அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைக்குக் கம்பளி இல்லை, ரேஷன் அட்டை இன்னும் வரவில்லை, கண்டியில் விட்டுவந்த அக்காளிடமிருந்து கடிதமே இல்லை என்பார்கள். ஆமென் சொன்ன பிறகு, யார் வீட்டில் கம்பளி இருக்கிறது, தாலுகா அலுவலகத்துக்கு நாளை யார் துணைக்குப் போவது என்று பேசி முடித்துவிட்டுத்தான் கலைவார்கள். ஊரார் 'சிலோன்காரர்' என்று ஒதுக்கிவைத்த அந்த மனிதர்கள் இந்தக் குளிரில் வேரூன்றியது அப்படித்தான்.

நீங்களோ பிறருடைய பாரங்களைக் கேட்டு, அவர்களுடைய விசுவாசத்தால் பலப்பட்டு, உங்கள் பாரத்தை மட்டும் மூடிக்கொண்டு எழுந்து வருகிறீர்கள். இது அடக்கமல்ல தங்கையே, மானத்துக்கு அஞ்சுவது. வேலை பறிபோனதைச் சொல்ல நா எழாமல் ஒருவர் அதே பாயில் உங்கள் அருகில் உட்கார்ந்திருக்கக்கூடும். நீங்கள் வாய் திறந்திருந்தால் அவரும் திறந்திருப்பார். கோவையில் தம்பியோ தங்கையோ உள்ள ஒருவர் அங்கே இருக்கக்கூடும். உங்கள் தேவை தெரியாதவரை அவர் எதைச் செய்வார்? எல்லோரும் உங்களைப் போலவே மறைத்தால், பாட்டுப் பாடி, தேநீர் குடித்துக் கலையும் அந்தக் கூட்டத்தில் யார் யாரைத் தாங்குவது?

ஜெபக்குறிப்பை வம்பாக்கி ஊருக்கு அனுப்புகிறவர்கள் உண்டு என்பது மெய்தான். அவர்களைக் கண்டிப்பது கூட்டத்தை நடத்துகிறவரின் கடமை. அவர்களுக்கு அஞ்சி அம்மாவின் கண்ணைக் காத்திருக்க வைப்பது எந்த நியாயம்?

இந்த வியாழக்கிழமையே சொல்லுங்கள். கோத்தகிரிக்குக் குன்னூர் தொலைவில்லை. அம்மாவின் முகவரியையும் மருத்துவர் குறித்த நாளையும் எனக்குத் தனியே எழுதினால், என் மனைவியும் நானும் கோவைக்கு உடன் போகிறோம். எனக்கு எழுதியாயிற்று என்பதற்காக அங்கே சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.